தொடை ரெடி, சார்

கையை ஆட்டாதீங்க அண்ணாச்சி. வாய் பேசட்டும், கை பேசக் கூடாது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல தக்காளி ஏலம் விடுத கை, அது தானா மேலதான் போவும், எனக்குப் புரியுது. ஆனா இன்னும் அரை மணி நேரத்துக்கு அந்த வலது கை உங்களுக்குச் சொந்தம் கிடையாது. எனக்குச் சொந்தம்.

மணிக்கட்டுல கண்ணாடி மாதிரி ஒரு பட்டை கட்டியிருக்கு பாத்தியளா? அதுக்குள்ள காத்து. டாக்டர் குத்துன இடத்தை அந்தக் காத்துதான் அமுக்கிக்கிட்டு இருக்கு. கால் மணி நேரத்துக்கு ஒருக்க நான் வந்து, ஊசி இல்லாத இந்த சிரிஞ்சை வச்சு, ரெண்டு ரெண்டு மில்லியா காத்தை இறக்குவேன். மொத்தமும் இறக்குன பொறவு ரத்தம் வரலைன்னா நீங்க எந்திச்சுப் போலாம். அம்புட்டுதான் என் வேலை. இருபத்தோரு வருஷம் சர்வீஸ் போட்டவனுக்கு இப்பக் காத்துப் புடுங்குத வேலை. சைக்கிள் கடையில சேந்திருந்தா காத்து அடிக்கவாவது செஞ்சிருப்பேன்.

உள்ள வேலை நடக்கும்போது நீ ஏன் இங்கன உக்காந்து கதை பேசுதன்னு கேக்கியளா? அன்னா, அந்தக் கதவுக்கு அங்கிட்டு அடுத்த ஆளுக்கு டாக்டர் ஊசி குத்திக்கிட்டு இருக்காரு. அந்த நேரத்துல நான் வெளிய இருக்கணும். போயி டீ குடின்னு அனுப்பிருவாரு. அதைப் பொறவு சொல்லுதேன். அது ஒரு பாசம்.

என் பேரு ஆவுடையப்பன். டெக்னீஷியன்னு பேட்ஜுல போட்டிருக்கு. ஆனா இந்தப் பக்கத்துல நெஞ்சு பழுதான எவன்ட்டயும் கேட்டுப் பாருங்க, அமுக்கு ஆவுடையப்பன்னாதான் தெரியும். சிரிக்காதீங்க, பட்டை அசையுது.

அப்பல்லாம் கையில குத்துத சோலியே கிடையாது. நெஞ்சுல அடைப்பு இருக்கா, தொடை இடுக்குல ஊசியைக் குத்து, குழாயைச் சொருகு, கம்பியை விடு, அங்கன இருந்து நெஞ்சு வரைக்கும் போ. தொடை நரம்பு சுண்டுவிரல் தண்டி இருக்கும். கண்ணை மூடிக்கிட்டே குத்தலாம். கையில இருக்க நாடி ஈர்க்குச்சியை விடக் கொஞ்சம் தடி, அவ்வளவுதான். ஆனா தொடையில ஒரு தொல்லை உண்டு. வேலை முடிஞ்சு குழாயை உருவுனா ரத்தம் பீச்சி அடிக்கும். அங்கதான் நான் வருவேன்.

மூணு விரல். இருபது நிமிஷம். கூட அமுக்குனா கால் மரத்துப் போவும், கொறைய அமுக்குனா உள்ளயே கசிஞ்சு தேங்கா கணக்கா வீங்கும். எவ்வளவு அமுக்கணும்னு எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது, இன்னா, இந்த நுனியில இருக்கு. இருபத்தோரு வருஷத்துல என் அமுக்குல ஒரே ஒரு வீக்கம். அதுவும் அந்த ஆளு தும்மித் தொலைச்சதால. தாசில்தார் தொடையை அமுக்கியிருக்கேன். ஒரே நாள்ல ரெண்டு கட்சிக்காரன் தொடையை அமுக்கியிருக்கேன். மேடையில ஒருத்தனை ஒருத்தன் பிச்சு எறிவானுவ, இங்க பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல இடுப்புல சாரம் இல்லாமப் படுத்துக்கிட்டு, 'அண்ணே, எனக்கு மொதல்ல பாருங்க, எனக்கு மொதல்ல பாருங்க'ங்கான். மரியாதைன்னா அது மரியாதை.

இங்க பால்துரைன்னு ஒரு அட்டெண்டர் இருக்கான். உங்களை ஸ்ட்ரெச்சர்ல தள்ளிக்கிட்டு வந்தானே, வாட்டசாட்டமா, நாப்பத்தஞ்சு வயசு, அவன்தான். கையைப் பாத்தா பரோட்டா மாஸ்டர் கை. 'அண்ணே, அமுக்குறது எப்படின்னு எனக்கும் சொல்லிக் குடுங்களேன்'னு பத்து வருஷமாக் கேட்டான். இதெல்லாம் சொல்லிக் குடுத்து வாரதாவே, போய் ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்னுட்டேன். ஒரு தடவை என் தங்கச்சி வீட்டுல சடங்குன்னு நான் ரெண்டு நாள் லீவு போட்டேன். அன்னைக்கு ஒரு கான்ட்ராக்டருக்கு இவன் அமுக்கியிருக்கான். அமுக்கிக்கிட்டே டிவியில கிரிக்கெட் பாத்திருக்கான், மூதி. நான் திரும்பி வந்து பாக்கேன், தொடை தொடையா இல்ல. நல்லவேளை இவனுக்கு நாம சொல்லிக் குடுக்கலன்னு அன்னைக்கு நினைச்சேன்.

இப்படி நல்லாப் போய்க்கிட்டு இருந்த இடத்துல, போன வருஷம் தை மாசம் நஸ்ரின் டாக்டரம்மா வந்து சேந்தாவ.

காயல்பட்டினத்துக்காரவிய. கேரளாவுல போய்ப் படிச்சிட்டு வந்தாவ. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். சத்தமே கிடையாது. மணிக்கட்டுல ரெண்டு விரலை வைப்பாவ, 'ம்'முன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், குழாய் உள்ள போயிருக்கும். பேஷண்டு வேலை முடிஞ்சதும் எந்திச்சு, தானா நடந்து பாத்ரூம் போறான். தொடையில போட்டவன் ஆறு மணி நேரம் காலை நீட்டிப் படுத்து, பாத்திரத்துல ஒண்ணுக்கு இருந்துக்கிட்டே அவனைப் பாக்கான். அப்புறம் கேக்கணுமா? வாரவன் போறவன்லாம் 'கையில போடுத டாக்டரம்மா இருக்காவளா?'ன்னுதான் கேக்கான். கைன்னா ரத்தப்போக்கு கொறைவுன்னு வேற எல்லாவனும் போன்ல படிச்சிட்டு வாரான்.

நம்ம பெரிய டாக்டர் கிருபாகரன் இருக்காரே, உங்களுக்கு இன்னைக்குப் போட்டவரு, அவருக்கு அப்ப அம்பத்தாறு வயசு. தொடையில ராசா. எத்தனையோ ஆயிரம் பேரைப் பொழைக்க வச்சவரு. அவரு தொடையில குத்துவாரு, நான் அமுக்குவேன். மாடும் வண்டியும் மாதிரி ஓடுன ஜோடி. யாரு மாடு யாரு வண்டின்னு கேக்காதீங்க. ஒரு நாள் அவரு ரூமைத் தாண்டி ஒரு கிழவன் போறான். 'இந்தாள்ட்ட வேண்டாம், அந்தம்மாட்ட காட்டுவோம்'ங்கான் மகன்ட்ட. டாக்டர் காதுல விழுந்துட்டு. அன்னைக்கு மத்தியானம் என்னையக் கூப்பிட்டு, 'ஆவுடையப்பா, நானும் கையில பழகப் போறேன்யா'ன்னாரு.

எனக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு. அது அடைப்புன்னு அப்பத் தெரியாது. வருத்தம்னு நினைச்சேன்.

மறைக்க என்ன இருக்கு அண்ணாச்சி. அவருக்குக் கை பழகிட்டா தொடை போச்சு. தொடை போச்சுன்னா ஆவுடையப்பன் யாரு? ஒரு காத்துப் பட்டை என் விரலைத் தின்னுரும். அந்தப் பயம் எனக்கு இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா அதுக்காக அவரு படிப்புக்கு நான் குறுக்க நின்னேன்னு ஒரு பேச்சு இங்க ஓடுது. யாரும் சொன்னா நம்பாதீங்க.

அம்பத்தாறு வயசுல மனுசன் எல்கேஜி பையன் மாதிரி ஆயிட்டாரு. காணுத ஆள் கையையெல்லாம் புடிச்சு நாடி பாக்காரு. டிரைவர் கை, அல்வாக்கடைக்காரன் கை. வீட்டம்மா சட்னி ஊத்த வந்தா அவிய கையையும் புடிச்சிட்டாராம், விடவே இல்லையாம். கல்யாணமாகி முப்பது வருஷம் கழிச்சு இந்த மனுசனுக்கு என்ன வந்துட்டுன்னு அவியளுக்கு ஒரே வெக்கம். பொறவுதான் தெரிஞ்சிருக்கு, மனுசன் நாடி எவ்வளவு ஆழத்துல ஓடுதுன்னு பாத்திருக்காருன்னு. ஒரு வாரம் சட்னி கிடையாதாம், டிரைவர் சொன்னான். மெட்ராசுல ஒரு கூட்டத்துக்குப் போயி ரப்பர் கையில குத்திக் குத்திப் பழகிட்டு வந்தாரு. ரப்பர் கையில நூத்துக்கு நூறு. ரப்பருக்குப் பயம் கிடையாதே!

உசுருள்ள கைக்குப் பயம் உண்டு. அதுதான் விசயமே. ஊசி பட்டதும் உள்ள நாடி சுருங்கிரும். தொட்டாச்சிணுங்கிதான். சுருங்கிட்டா கம்பி போவாது. தள்ளுனா வலிக்கும், வலிச்சா இன்னும் சுருங்கும். நஸ்ரின் அம்மா பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தாவ. நான் காதால கேட்டேன். 'சார், அம்பது கேஸ் வரைக்கும் எல்லாருக்கும் இப்படித்தான். எனக்கு மொத இருபதுல எட்டு தவறிப் போச்சு. சுருங்கிட்டா இழுக்காதீங்க, தள்ளாதீங்க. மருந்தைக் குடுத்துட்டு ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க. சும்மா இருக்கதுதான் சார் இதுல பாதிப் படிப்பு.'

சும்மா இருக்கதைப் படிக்கவா கேரளா வரைக்கும் போனியன்னு நான் மனசுக்குள்ள கேட்டேன். வெளிய கேக்கல.

மொதல்ல ஆள் பாத்துப் பாத்து எடுத்தோம், பொண்ணு பாக்குத மாதிரி. ஒல்லிக் கை வேண்டாம், வயசான பொம்பளைய வேண்டாம். கல் உடைக்குதவன், தென்னை ஏறுதவன், முறுக்குன கை, அப்படிப் பாத்துத்தான் டாக்டர்ட்ட விட்டாவ. எனக்கு என்ன வேலைன்னா, கையைச் சுத்தம் பண்ணி வைக்கணும், கூடவே தொடையையும் சவரம் பண்ணி மருந்து தடவி வைக்கணும். கை முடியலைன்னா சட்டுன்னு தொடைக்குப் போவணும்லா? அதுதான் முறை. நான் முறைப்படிதான் நடந்தேன். ஒரு மயிர் விடாம சவரம் பண்ணுவேன்.

டாக்டர் கையில குத்துவாரு. விழாது. ரெண்டாவது குத்துவாரு. ரத்தம் வரும், கம்பி போவாது. நெத்தியில வேர்க்கும். அம்மா பைய, 'பொறுங்க சார்'ம்பாவ. அவரு கண்ணு பைய காலு பக்கம் திரும்பும். காலு பக்கம் நான் நிப்பேன். மனுசன் தவிக்காரு, இருபது வருஷம் கூட இருந்தவன் பாத்துக்கிட்டுச் சும்மா நிக்க முடியுமா? ஒரு ஒத்தாசைக்கு, 'தொடை ரெடி, சார்'னு சொல்லுவேன். அம்புட்டுதான். மூணே வார்த்தை.

அப்ப அவரு முகத்தைப் பாக்கணுமே! ரோட்டுல அவசரமா வந்தவன் கக்கூஸைக் கண்ட மாதிரி ஒரு நிம்மதி. 'சரிய்யா, தொடைக்கே போயிருவோம்'பாரு. அஞ்சு நிமிஷத்துல நெஞ்சுக்குப் போயிருவாரு. அப்புறம் நான் மூணு விரலை வச்சு இருபது நிமிஷம். எல்லாருக்கும் சந்தோசம், அந்த அம்மாவைத் தவிர.

வைகாசி முடிய நாப்பது பேருக்குக் கையில ஆரம்பிச்சிருக்காரு. இருபத்தாறு பேருக்குத் தொடையிலதான் முடிஞ்சிருக்கு. என் விரலுக்கு ஓய்வே இல்ல. 'என்னண்ணே, கை வந்துட்டா உங்க பொழப்பு போயிரும்னாவளே?'ன்னு பால்துரை கேக்கான். கை எங்கவே வந்துச்சு, வந்தாப் பாப்போம்னேன்.

தச்சநல்லூர் வாத்தியார் ஒருத்தர், எழுவது வயசு, கூன் விழுந்த முதுகு. அவரால நிமிந்து படுக்க முடியாது, அதுக்காகவே கையிலதான் போடணும்னு சொல்லி ஆரம்பிச்சது. கம்பி முழங்கைக்கிட்ட நின்னு போச்சு. டாக்டர் என் பக்கம் பாத்தாரு. நான் சொன்னேன். தொடைக்குப் போனாரு. வேலை நல்லா முடிஞ்சிட்டு. ஆனா ஆறு மணி நேரம் முதுகை நிமித்தி மல்லாக்கப் படுக்கணும்லா? அந்த மனுசன் அழுதாரு அண்ணாச்சி. சின்னப்புள்ளை கணக்கா அழுதாரு. அவருக்கு ஏற்கனவே முதுகுவலி உண்டு, அதுக்கு நான் என்ன செய்ய?

அன்னைக்குச் சாயந்திரம் நஸ்ரின் அம்மா என்னைய வராண்டாவுல நிப்பாட்டுனாவ. 'ஆவுடையப்பண்ணே, தொடையை ரெடியா வைங்க, வேண்டாங்கல. ஆனா ரெடின்னு சொல்லாதீங்க.'

'ரெடியா இருக்கதைச் சொல்லாம எப்படிம்மா? வீட்டுல சாப்பாடு ரெடின்னா கூப்பிட மாட்டாவளா?'

'பசிக்காதவனைக் கூப்பிட மாட்டாங்கண்ணே. சார் கை பழகணும். நீங்க சொல்லச் சொல்ல அவரால பொறுக்க முடியல.'

பாத்துக்கிடுங்க, நான் சொல்லுதது குத்தமாம். அவரு கை நடுங்குதது குத்தம் இல்லையாம். ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம். நான் சரிம்மா சரிம்மான்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். மறுநா அவரு திரும்பிப் பாத்தாரு, வாய்ல தானா வந்துட்டு. பழக்கம். பழக்கத்தை என்ன செய்ய முடியும்?

இருங்க, கால் மணி ஆச்சு. ரெண்டு மில்லி எடுக்கேன். வலிக்குதா? வலிக்காது, சும்மா கேட்டேன். ரத்தம் இல்ல. கையை அப்படியே தலகாணி மேல வைங்க.

ஆனி மாசம் வந்துச்சு. நெல்லையப்பர் தேரோட்டம். நான் வருசா வருசம் வடம் புடிக்கது வழக்கம், இருபது வயசுல இருந்து. காலையில ஒம்பது மணிக்குத் தேரு நிலையை விட்டுக் கிளம்புது, 'இழு, இழு'ன்னு சத்தம், நானும் மூச்சைப் புடிச்சு இழுக்கேன். நெஞ்சுக்கு நடுவுல யாரோ முட்டியை வச்சு அமுக்குத மாதிரி. இடது கை வரைக்கும் இறங்குது. சட்டையெல்லாம் தண்ணி. எனக்குத் தெரியாதா அது என்னன்னு? இருபத்தோரு வருஷமா இதே கதையைத்தானே ஸ்ட்ரெச்சர்ல வாரவன்லாம் சொல்லுதான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாவ. வடத்தை விட்டுட்டு, ஒரு ஆட்டோக்காரனைப் புடிச்சு, 'ஆஸ்பத்திரிக்கு விடுவே, எனக்கு அட்டாக்'னேன். அவன் நம்பல. அட்டாக் வந்தவன் வழி சொல்லுவானாங்கான். பெரிய தெரு அடைப்பு, சந்து சந்தாச் சுத்தி நானே வழி சொல்லிக் கொண்டுவந்து சேத்தேன்.

என் பொண்டாட்டி சிவகாமி பொறத்தாலயே ஓடி வந்தா. தேர் பாக்க வந்தவ தலையில பூவோட ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கா.

அன்னைக்குப் பாத்து நஸ்ரின் அம்மா லீவு. அவிய தங்கச்சி நிக்காஹ், காயல்பட்டினத்துல. இருக்கது பெரிய டாக்டர் மட்டும். என்னையப் பாத்ததும் அவரு மொகம் வெளிறிப் போச்சு. ஈசிஜி பேப்பரை நானே வாங்கிப் பாத்தேன். பாத்திருக்கக் கூடாது. டேபிள்ல படுத்துக்கிட்டு கூரையைப் பாக்கேன். இருபத்தோரு வருஷம் வேலை பாத்த ரூம்ல கூரையில ஒரு ஒட்டடை இருக்கது அன்னைக்குத்தான் தெரியுது.

டாக்டர் குனிஞ்சு, 'பயப்படாதய்யா, ஆவுடையப்பா. உனக்குத் தொடையிலயே போட்டுருதேன். சட்டுன்னு முடிச்சிருவோம்'னாரு. எனக்கு மனசு குளுந்துட்டு. நம்ம தொழில், நம்ம டாக்டர், நம்ம தொடை. சரி சார்னு தலையை ஆட்டப் போறேன். அப்பத்தான் ஒரு யோசனை வந்துச்சு.

'சார், முடிஞ்ச பொறவு யாரு சார் அமுக்குவா?'

டாக்டர் சுத்திப் பாத்தாரு. நான் நிக்க வேண்டிய இடத்துல, காலு பக்கம், பால்துரை நிக்கான். ரெண்டு கையையும் ஒண்ணோடொண்ணு தேச்சுக்கிட்டு நிக்கான். பத்து வருஷ ஆசை நிறைவேறப் போவுதுன்னு முகத்துல ஒரு பிரகாசம். 'நான் இருக்கேண்ணே!'ங்கான்.

ரத்தம் உறையாம இருக்க எனக்கு மருந்து வேற குடுத்தாச்சு. அந்த மருந்து உள்ள இருந்தா, நான் அமுக்குனாலே இருபது நிமிஷம் நாப்பது நிமிஷமாவும். இவன் அமுக்குனா? எனக்கு அந்த கான்ட்ராக்டர் தொடை கண்ணுல வந்து நிக்கி. நான் போட்ட சத்தத்துல வெளிய நிக்க சிவகாமி பயந்து போயிட்டா.

'சார்! கையில போடுங்க சார்! கும்பிட்டுக் கேக்கேன், கையில போடுங்க!'

'ஆவுடையப்பா, கை எனக்கு இன்னும்...'

'பரவாயில்ல சார்! எத்தனை தடவை வேணும்னாலும் குத்துங்க!'

குத்துனாரு. விழல. ரெண்டாவது குத்துனாரு, ரத்தம் வந்துட்டு, குழாய் ஏறுச்சு. கம்பியை விட்டாரு. முழங்கைக்குக் கீழ நின்னு போச்சு. என் நாடியும் பயந்து சுருங்கிட்டு. கையை யாரோ முறுக்குத மாதிரி வலி. இங்க நெஞ்சுல ஒரு வலி, அங்க கையில ஒரு வலி. டாக்டர் நெத்தியில வேர்வை. நான் படுத்துக்கிட்டே பாக்கேன், அவரு கண்ணு பைய காலு பக்கம் திரும்புது. இருபது வருஷப் பழக்கம்லா.

அங்க பால்துரை. அவனுக்கு என்ன சொல்லணும்னு தெரியாது. வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கான்.

சத்தியமாச் சொல்லுதேன் அண்ணாச்சி, அந்த மூணு வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. வலி அப்படி. சொல்லிட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும். சொன்னா பால்துரை. நாக்கைக் கடிச்சிக்கிட்டேன்.

மெஷின் மட்டும் டிங் டிங்குங்கு. டாக்டர் திரும்பி என் கையைப் பாத்தாரு. மருந்தைக் குழாய் வழியா ஏத்துனாரு. ஏத்திட்டு, கையை எடுத்துட்டுச் சும்மா நின்னாரு. கோயில் பாட்டு ஒண்ணை மூக்குக்குள்ள முனகிக்கிட்டே நின்னாரு. ரெண்டு நிமிஷம். எனக்கு அது ரெண்டு வருஷம். செத்தோம்னுதான் நினைச்சேன். சிவகாமிக்குப் பீரோ சாவி எங்க இருக்குன்னு சொல்லாம வந்துட்டமேன்னு அழுகை வந்துட்டு.

பொறவு ரெண்டு விரலால கம்பியைப் புடிச்சு லேசாத் திருகுனாரு. போவுதுய்யா! முழங்கை தாண்டி, தோள் தாண்டிப் போவுது. நான் டிவியில பாக்கேன், என் நெஞ்சுக்குள்ள கம்பி வாரதை நானே பாக்கேன். அடைப்பு இருக்க இடத்துல பலூனை ஊதுனாரு. நெஞ்சுல வச்சிருந்த முட்டியை யாரோ எடுத்த மாதிரி ஆயிட்டு. பால்துரை கையைக் கீழ போட்டுட்டான், பாவம். டாக்டர் முகமூடியைக் கழட்டிட்டு என் தலையைத் தடவுனாரு. கண்ணுல தண்ணி. எனக்கும்தான்.

அன்னைக்குச் சாயந்திரமே நான் நடந்து பாத்ரூம் போனேன். சொன்னா வெக்கம், பாத்திரத்துல இருக்காம நின்னுக்கிட்டு ஒண்ணுக்கு இருந்தப்பதான் அந்தத் தச்சநல்லூர் வாத்தியாரை நினைச்சேன்.

மூணு நா கழிச்சு நஸ்ரின் அம்மா வந்தாவ. கம்பி போன என் படத்தைப் போட்டுப் பாத்தாவ. 'சார், இது எனக்கே கஷ்டமான கை. இதுக்கு மேல நான் சொல்லித் தர ஒண்ணும் இல்ல'ன்னாவ. டாக்டர் முகத்துல அப்ப ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க. அதுல இருந்து அவருக்கு எல்லாமே கைதான். ஒல்லிக் கை, கிழவி கை, எதையும் விடுதது இல்ல. பத்து மாசத்துல தொடைக்குப் போனது நாலே பேருக்கு. எல்லாம் என் கைராசி. என் கையிலதான் அவரு படிச்சாரு. நாப்பது கையில வராத படிப்பு என் ஒத்தைக் கையில எப்படி வந்துச்சுன்னு இந்த ஆஸ்பத்திரியில எவனும் யோசிச்சுப் பாக்கல.

நான் ரெண்டு மாசம் கழிச்சு வேலைக்குத் திரும்புனேன். மொத நாள், மொத கேஸ். கை சுத்தம், தொடை சுத்தம், காலு பக்கம் போய் நின்னேன். டாக்டர் ஊசியைக் கையில எடுத்தாரு. என்னையப் பாத்தாரு. ஊசியைக் கீழ வச்சாரு. 'ஆவுடையப்பா, நீ ஹார்ட் பேஷண்ட். குத்துத நேரத்துல உள்ள நிக்காத, டென்ஷன் ஆவும். போய் ஒரு டீ குடிச்சிட்டு வா'ன்னாரு. அன்னையில இருந்து ஒவ்வொரு கேஸுக்கும் டீ. கம்பி நெஞ்சுக்குப் போன பொறவுதான் எனக்கு அனுமதி. அவ்வளவு பாசம் என் மேல. கேன்டீன்காரன் கேக்கான், என்ன அண்ணாச்சி டாக்டர் உங்களை டீயிலயே வளக்காரான்னு. எல்லாம் சீனி இல்லாமத்தான்.

சும்மா இருக்க நேரத்துல பால்துரைக்கு அமுக்கச் சொல்லிக் குடுக்கேன். ஆமா, நான்தான். என் தொடையிலயேதான் பழகுதான். மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தா இருபது நிமிஷம் அமுக்குவான். இன்னொரு தடவை எனக்கு வந்து கை கிடைக்காமப் போயிட்டா? முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்கலாம், சரி விடுங்க. இப்பத் தேறிட்டான். கிரிக்கெட் போட்டா மட்டும் கொஞ்சம் கை தளருது.

கையைக் குடுங்க. இது கடைசி ரெண்டு மில்லி. இன்னா, பட்டை லூசாயிட்டு. ரத்தம் இல்ல பாத்தியளா? சின்னப் புள்ளி, கொசு கடிச்ச மாதிரி. நாளன்னைக்கு ஏலம் விடலாம், ஒரு வாரத்துக்குத் தக்காளிப் பெட்டியை மட்டும் தூக்காதீங்க.

உங்க கேஸும் ஒண்ணும் லேசுப்பட்டது இல்ல, கேட்டியளா. மொதக் குத்து விழலையாம். ரெண்டாவதுல கம்பி பாதி வழியில நின்னு போச்சாம். டாக்டர் கையை எடுத்துட்டு மூணு நிமிஷம் பாட்டு பாடிக்கிட்டு நின்னாராம், பால்துரை வந்து சொன்னான். நான் அப்ப அன்னா அந்தப் பெஞ்சுலதான் இருந்தேன், நாலாவது டீயோட. நான் மட்டும் உள்ள நின்னிருந்தா...

அன்னா, பால்துரை கதவைத் தொறந்து கையைக் காட்டுதான். அந்தாளுக்கும் கையிலயே போயிட்டாம். நான் உள்ள போறேன். நீங்க பைய எந்திங்க, வெளிய நிக்க உங்க மருமகனைக் கூப்பிட்டு சட்டையைப் போட்டுவிடச் சொல்லுங்க. என்ன பாக்கிய அப்படி? எல்லாரும் உள்ள நிக்கும்போது என்னைய மட்டும் எதுக்கு வெளிய அனுப்புதாருன்னா? பாசம்னு சொன்னம்லா. நான் அவர்ட்ட கேட்டதில்ல அண்ணாச்சி. கேட்டா சொல்லிருவாரு.